பெயரும் மூலிகையும்

கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு, புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. சோழமண்டலக் கரையில் ஒருகாலத்தில் பரந்து கிடந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. சாமி காடு என்பதால் பிழைத்தது. அங்கே மிகுந்து வளரும் ஒரு மரத்துக்குக் காசா, காயா, காசான் என்று ஊருக்கு ஒரு பெயர். தடித்துப் பளபளக்கும் இலையும் கிளையை ஒட்டிக் கொத்தாகப் பூக்கும் நீலப் பூவும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

பெயர் இப்படி ஊருக்கு ஊர் மாறினாலும், தமிழ் வைத்தியர்கள் மூலிகையின் அடையாளத்தைப் பெயரிலேயே பொதிந்து வைத்தனர். நிறத்துக்கு வெள்ளை, கரு. இடத்துக்கு நீர், மலை. அளவுக்குச் சிறு, பெரு என்று அடைமொழி தந்தனர். அந்த அடைமொழியும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியது. கருநொச்சி என்பது ஓரிடத்தில் நொச்சியிலேயே ஊதா படர்ந்த வகை. வேறிடத்தில் ஆடாதோடைக் குடும்பத்துச் செடி.

இந்தப் பெயர்களை ஐரோப்பியரும் பதிவு செய்தனர். 1696-இல் சென்னைக் கோட்டை மருத்துவர் சாமுவேல் பிரவுன், சுற்றுவட்டாரச் செடிகளை உலர்த்தித் தமிழ்ப் பெயர்களோடு லண்டனுக்கு அனுப்பினார். தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து செடிகளைச் சேகரித்தார். 1813-இல் சென்னையில் அச்சான மருத்துவர் ஐன்ஸ்லியின் மருந்து நூல், மருந்துகளுக்குத் தமிழ், தெலுங்குப் பெயர்களையும் தந்தது.

ஆனாலும் குழப்பம் தீரவில்லை. அதற்குக் கீழாநெல்லியே சான்று. இலைக்கொத்தைப் புரட்டினால் அடியில் காய்கள் வரிசையாகத் தொங்கும். பெயர் வந்ததும் அதனால்தான். லின்னேயஸ் 1753-இல் சூட்டிய ஃபில்லாந்தஸ் நிரூரி என்ற பெயரையே இந்திய நூல்கள் நெடுங்காலம் இதற்கு வழங்கின. அது அமெரிக்கக் கண்டத்துச் செடியின் பெயர். இங்கே அப்பெயரில் அமாரஸ், ஃப்ராடெர்னஸ், டெபிலிஸ் என மூன்று செடிகள் கலந்திருந்ததை 1985-இல் தாவரவியலாளர்கள் பிரித்துக் காட்டினர். பூவிதழ் ஐந்தானால் அமாரஸ். மற்ற இரண்டுக்கும் ஆறு. கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தால்தான் அந்த வேறுபாடு புலப்படும்.

இத்தகைய சிக்கலைத் தீர்ப்பவை, செடிகளை உலர்த்தி ஒட்டிய உலர்தாவரத் தாள்கள். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலும் திருச்சி ராபினாட் தாவரக் கூடத்திலும் அவை சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. செடி கிடைத்த இடம், நாள், ஊர்ப்பெயர் எல்லாம் தாளிலேயே குறிக்கப்படும்.

தாளில் உள்ளதை ஒப்பிட்டுப் பார்க்க, செடி தன் மண்ணில் உயிரோடு இருக்க வேண்டும். கீழ்புத்துப்பட்டுக் காடு போன்றவற்றைக் காப்பது மருத்துவ அறிவைக் காப்பதே.