அவுரி நீலம் சென்ற தேசம்

 

கறுத்த பிள்ளையைக் கேலி செய்ய நம் வீடுகளில் இன்றும் புழங்கும் சொல் ‘காப்பிரி’. ‘காஃபிர்’ என்ற அரபிச் சொல்லைப் போர்ச்சுகீசியர் தம் வாயில் திரித்துக் கறுப்பின மக்களுக்குச் சூட்டினர்; அவர்கள் வழியே அது நம் கடற்கரைக்கும் வந்தது. ஆயிரம் ஆண்டுகளாகத் தொழுதுவரும் மக்களையும் சேர்த்து அச்சொல்லால் ஏசுகிறோம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் மார்க்கப் பற்றைக் கேட்பதற்கு முன் நிறத்தைக் கேட்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு.

பிலால் (ரலி) அவர்களைப் பற்றி மிம்பர்களில் பேசுகிறோம். கி.பி. 615இல் மக்காவின் கொடுமை தாளாமல் சென்ற ஸஹாபாக்களுக்கு அடைக்கலம் தந்த அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷியைப் பற்றியும் பேசுகிறோம். அத்துடன் ஆப்பிரிக்கா நம் பேச்சிலிருந்து மறைந்துவிடுகிறது.

நம் முதலியார்பேட்டைக்காரர்கள் இந்த மறதிக்கு இடம் தரலாகாது. 1898இல் தொடங்கி 2020இல் மூடப்பட்ட ரோடியர் மில் நம் பகுதியில்தான் இருந்தது. ஆலைகள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே, புதுச்சேரியின் கைத்தறியாளர்கள் நெய்து அவுரிச் சாயத்தில் தோய்த்த நீலத்துணி கப்பலேறி செனகல் நதிக்கரைக்குச் சென்றது. ‘கினே’ என்பது பிரெஞ்சுக்காரர் அதற்கு இட்ட பெயர். அந்நதிக்கரையில் வேலமரப் பிசின் விற்ற பாலைவன வணிகர்கள் இத்துணியையே நாணயமாக ஏற்றனர். பிரான்சில் செய்த போலித் துணியைத் தொட்டுப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் தள்ளிவிட்டார்களாம். நம் ஊர்ச் சாயத்தொட்டியின் வாசனையை அறிந்த அம்மக்கள் யார்?

செனகல் நதிக்கரையில் தக்ரூர் என்னும் அரசு இருந்தது. அதன் மன்னர் வார் ஜாபி, 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இஸ்லாத்தை ஏற்றுத் தம் மக்களுக்கும் எடுத்துரைத்தவர். அதற்குக் கிழக்கே கானா பேரரசு. இன்றைய கானா நாடு வேறு, இது வேறு. தெற்கிலிருந்து வந்த தங்கமும் சஹாராவிலிருந்து வந்த உப்பும் கைமாறிய சந்தையே அதன் செல்வம். அந்தலூசிய அறிஞர் அல்பக்ரீ 1068இல் எழுதிய நூலின்படி, அதன் தலைநகரில் முஸ்லிம்கள் வாழ்ந்த பகுதியில் மட்டும் 12 பள்ளிவாசல்கள் இருந்தன. மன்னர் முஸ்லிமல்லர், ஆயினும் அவருடைய கருவூலப் பொறுப்பாளரும் அமைச்சர்களில் பெரும்பாலோரும் முஸ்லிம்கள்.

பின்னர் எழுந்தது மாலி. அதன் மன்னர் மன்ஸா மூஸா 1324இல் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் வாரி வழங்கிய தங்கத்தால் அங்கே தங்கத்தின் விலை சரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் அது பழைய நிலைக்கு ஏறவில்லை என்று அல்உமரீ பதிவு செய்துள்ளார். பேச்சாளர்கள் பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். தங்கத்தைவிடப் பெரிய செய்தி இப்னு பதூதாவிடம் இருக்கிறது.

அவர் 1340களில் நம் தமிழகத்திற்கு வந்தவர். மதுரை சுல்தான் கியாஸுத்தீன், கைதிகளையும் அவர்களின் பெண்டு பிள்ளைகளையும் கொன்றதைக் கண்டு மனம் நொந்து எழுதியவர். அதே கண்கள் 1352இல் மாலியைக் கண்டன. அங்கே அநீதி மிகக் குறைவு, வழிப்போக்கனுக்குக் கள்வர் பயமில்லை, அந்நியன் இறந்தால் அவன் பொருளை எவரும் கவர்வதில்லை என்று புகழ்கிறார். ஜும்ஆ நாளில் முன்கூட்டியே போகாதவனுக்குப் பள்ளியில் இடம் கிடைக்காது; அதனால் தொழுகை விரிப்பைக் கொடுத்தனுப்பி இடம்பிடித்து வைப்பார்களாம். (நம் பள்ளிகளில் பிந்தி வந்தவருக்கும் முன்வரிசையில் இடம் கிடைத்துவிடுகிறது!) அவருக்குப் பிடிக்காத வழக்கங்களும் அங்கே இருந்தன, அவற்றையும் மறைக்காமல் எழுதினார்.

ஒன்றை நாமும் மறைக்கலாகாது. அவர் திரும்பி வந்த வணிகக் கூட்டத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்தனர். அட்லாண்டிக் கடலில் ஐரோப்பியர் நடத்திய அடிமை வாணிபத்தைக் கண்டிக்கும் நாம், சஹாரா வழியே முஸ்லிம் வணிகர்கள் நடத்தியதைப் பேசாமல் விடுவது நேர்மையன்று.

மாலிக்குப் பின் ஓங்கியது ஸோங்காய் பேரரசு. 1493இல் ஆட்சிக்கு வந்த அஸ்கியா முஹம்மத் காலத்தில் திம்புக்து உலமாக்களின் நகரமாகத் திகழ்ந்தது. அங்கே மற்ற சரக்குகளைவிடப் புத்தகத்தில்தான் இலாபம் அதிகம் என்று 16ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற ஹஸன் அல்வஸ்ஸான் எழுதினார். அந்நகரை முதலில் சிதைத்தவர்கள் ஐரோப்பியர் அல்லர். 1591இல் மொராக்கோவின் முஸ்லிம் சுல்தான் அனுப்பிய படை, துப்பாக்கிகளின் பலத்தால் ஸோங்காயை வீழ்த்தியது. திம்புக்துவின் பேரறிஞர் அஹ்மத் பாபா 1594இல் விலங்கிடப்பட்டு மர்ராகுஷுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர் இழந்த நூல்கள் 1600. தம் குடும்பத்தாரில் தம்முடையதுதான் மிகச் சிறிய நூலகம் என்று அவர் கூறியதாக வரலாறு சொல்கிறது.

1608இல் ஊர் திரும்பிய அவரிடம், சஹாராவின் துவாத் பகுதியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. கறுப்பின மக்களை அடிமைகளாக வாங்குவது கூடுமா? 1615இல் அவர் அளித்த ஃபத்வா இன்றும் இருக்கிறது. நூஹ் (அலை) அவர்களின் மகன் ஹாமின் சந்ததி என்பதால் கறுத்தவர் அடிமைக்குரியவர் என்ற கட்டுக்கதையை அவர் மறுத்தார். நிறம் அடிமைத்தனத்திற்குக் காரணமாகாது என்றும், சுதந்திர முஸ்லிமை விற்பதும் வாங்குவதும் கூடாது என்றும் தீர்ப்பளித்து, எந்தெந்த நாட்டவர் முஸ்லிம்கள் என்று பெயர் பெயராகக் குறிப்பிட்டார். அடிமை முறையை முற்றாக ஒழிக்க அவர் சொல்லவில்லை. ஆனால் நிறத்தைக் காட்டி மனிதனை விலை பேசியவர்களின் வாயை, அவர்கள் ஓதிய கிதாபுகளைக் கொண்டே அடைத்தார்.

அவர் பெயரைத் தாங்கிய நூலகம் இன்றும் திம்புக்துவில் உள்ளது. 2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது, ஊர்மக்கள் ஏடுகளைப் பெட்டிகளில் அடைத்து, கழுதை வண்டிகளிலும் படகுகளிலும் ஏற்றி பமாகோவுக்குக் கடத்தினார்கள். 2013 ஜனவரியில் அந்நூலகத்தில் சுமார் 4000 ஏடுகள் எரிந்தன. பெரும்பகுதி தப்பியது.