ஆற்றில், ஆறில்: தொடக்க வகுப்பில் பல பொருள் ஒரு சொல்

சென்னைப் புறநகரான முடிச்சூரில் வளரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'ஆறு' என்ற சொல்லின் பொருள்களை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரைமீறி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்த கதையை அது வீட்டில் கேட்டே வளர்கிறது. காலை ஆறு மணி தெரியும். பால் ஆறட்டும் என்று அம்மா சொல்வதும் தெரியும். ஆனால் 'ஆறு: இரு பொருள் எழுதுக' என்று பயிற்சித்தாளில் வந்துவிட்டால் அதே பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். தெரிந்த சொல் தெரியாததாகிப் போவதற்குக் காரணம், அதை நாம் நீட்டும் விதம் என்பது என் வாதம்.

தமிழில் ஒரு சொல் மொட்டையாகக் காதில் விழுவது குறைவு. உருபோ காலமோ ஒட்டிக்கொண்டுதான் வரும். அப்படி ஒட்டும்போதே பல சொற்கள் தாமாகப் பிரிந்துவிடுகின்றன. நீரோடும் ஆறு உருபேற்றால் 'ஆற்றில்'. எண்ணாகிய ஆறு 'ஆறில்'. 'ஆறிலும் சாவு நூறிலும் சாவு' என்ற பழமொழியில் ஆற்றுவெள்ளத்தை எவரும் நினைப்பதில்லை. அதுவாக இருந்தால் 'ஆற்றிலும்' என்றிருக்கும். கூரை ஓட்டில் பூனை நடக்கும், பிள்ளை ஓடினான். பாடத்தைப் படித்தான், தூசி படிந்தது, படியில் உட்கார்ந்தாள். இவை மயங்குவது அகராதித் தலைப்பில் நிற்கும்போது மட்டுமே. ஆங்கிலத்தில் நிலைமை வேறு. அங்கே 'பேட்' என்பது மட்டையானாலும் வௌவாலானாலும் பன்மையில்கூட உருவம் மாறாது. எனவே தனிச்சொல்லைக் கொடுத்துப் பொருள் கேட்பது அந்த மொழிக்குப் பொருந்தும் பயிற்சி. அதே அச்சில் தமிழ்ப் பயிற்சித்தாளை வார்த்தெடுக்கும்போது, பிள்ளையின் கையிலிருக்கும் மிகப் பெரிய துணையான உருபைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

உருபேற்றும் பிரியாதவை உண்டு: மாலை, மணி, கொடி, பட்டம். இங்கேதான் தொல்காப்பியர் கைகொடுக்கிறார். சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: வினையால் வேறுபடுவது, வினையாலும் வேறுபடாதது. பின்னதைப் பேசுகிறவரே இன்னது என்று வெளிப்படுத்திச் சொல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. இதைக் கரும்பலகைக்குக் கொண்டுவருவது எளிது. 'பட்டம்' என்று எழுதி எதிரே இடம் விட்டால் போதும். 'பறந்தது' என்று ஒரு பிள்ளை சொன்னால் காற்றாடி. 'பெற்றாள்' என்று இன்னொன்று சொன்னால் படிப்பு. பிறகு ஆசிரியர் 'கிடைத்தது' என்று எழுதட்டும். வகுப்பு இரண்டாகும். அறுந்த காற்றாடி மொட்டைமாடியில் கிடைத்ததா, கிழக்குத் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்த அக்காவுக்குக் கிடைத்ததா? 'எந்தப் பட்டம் சார்?' என்று ஒரு குரல் எழும். இலக்கணநூல் நூற்பாக்களில் சொன்னதை வகுப்பு ஐந்து நிமிடத்தில் தானே கண்டுபிடித்துவிடும்.

பட்டியலை மனப்பாடம் செய்வதும் நம் மரபுதானே என்று கேட்கலாம். உண்மை. திவாகர நிகண்டு ஒருசொல் பல்பொருளுக்கென்றே ஒரு தொகுதி வைத்தது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு விருத்தத்தில் அமைந்து, திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகளின் வாயில் ஓடியது. ஆனால் நிகண்டு யாருக்காக? பேச்சில் மறைந்துபோன பொருள்களைச் செய்யுளில் எதிர்கொள்ளப் போகிறவருக்காக. 'அரி' என்ற சொல் திருமாலையும் சிங்கத்தையும் குறிக்கும் என்பதைத் தெருவில் கற்க முடியாது, நெட்டுருதான் வழி. மாலையும் மணியும் அப்படியல்லவே. ஏழு வயதுப் பிள்ளை ஏற்கெனவே ஆண்டுகொண்டிருக்கும் பொருள்களை எண்ணிட்டுத் திருப்பி ஒப்பிக்கச் சொல்கிறோம். அதுவும் நிகண்டின் ஓசையைக்கூடக் கொடுக்காமல்.

2022இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தால் பாடலும் கதையும் படஅட்டையும் வகுப்புக்குள் வந்திருக்கின்றன. நல்லதுதான். என்றாலும் ஆற்றின் படம் ஒருபுறம், 6 என்ற இலக்கம் மறுபுறம் என்று அச்சிட்ட அட்டையும் தனிச்சொல் பட்டியல்தான். வண்ணம் பூசியிருக்கிறது, அவ்வளவே.

புறநகர்ப் பேச்சையும் வகுப்புக்குள் விட வேண்டும். 'மெட்ரோ வரல' என்றால் தண்ணீர் லாரியா, ரயிலா? காசநோய் மருத்துவமனையால் பெயர் பெற்ற இடம் சானடோரியம். இன்று பல பிள்ளைகளுக்கு அது தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிலையம் மட்டுமே. ஒரு சொல் பொருளை ஏற்பதும் இழப்பதும் கண்முன் நடக்கும்போது எடுத்துக்காட்டுக்கு எங்கும் போக வேண்டாம்.

என் வாதத்துக்கே குறுக்கே நிற்கும் ஒரு சிக்கலையும் இந்தப் பேச்சுதான் தருகிறது. ஆற்றில் என்பது வாய்மொழியில் 'ஆத்துல'. நங்கநல்லூரில் சில வீடுகளிலோ 'ஆத்துல' என்றால் அகத்தில், அதாவது வீட்டில். எழுத்தில் உருபு பிரித்துவைத்ததைப் பேச்சு மறுபடி ஒட்டிவிடுகிறது. 'ஆத்துல தண்ணி வந்துடுச்சு' என்று பலகையில் எழுதினால் உருபும் உதவாது, வினையும் உதவாது. முடிச்சூரில் அதைக் கேட்டால் சாமான்களைப் பரணில் ஏற்றுவார்கள். நங்கநல்லூரில் குடத்தை எடுப்பார்கள். ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பயிற்சியாக இந்த ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, பொருள் எழுதச் சொல்லாமல், இதைச் சொன்னவர் யார், எந்த ஊரில் என்று மட்டும் எழுதச் சொல்லலாம்.