நிறுத்தாமல் ஓடும் கணிப்பொறி

கம்ப்யூட்டர் தொங்கிப் போனால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதுதான் நம் அபெர்டீன் பஜாரிலிருந்து சென்னை ரிச்சி தெரு வரைக்கும் முதல் வைத்தியம். அப்படிச் செய்யாமலே ஒரு கணிப்பொறி எத்தனை காலம் ஓடும்?

1977 ஆகஸ்ட் 20-ல் நாசா ஏவிய வாயேஜர்-2 விண்கலத்தின் கட்டளைக் கணிப்பொறி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. கின்னஸ் பதிவிலும் அதுவே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அதே கலத்தில் தரவுகளைக் கவனிக்கும் இன்னொரு கணிப்பொறியில் 2010-ல் ஒரே ஒரு 0 புரண்டு 1 ஆனது. அனுப்பிய செய்தியெல்லாம் குழம்பிவிட்டது. பூமியிலிருந்தே கட்டளை அனுப்பிச் சரிசெய்தார்கள்.

ஏன் இப்படி மறுபடி துவக்க வேண்டியிருக்கிறது? வியாபாரிக்கு இது எளிதில் விளங்கும். பேரேட்டில் பத்தி நிறைந்துவிட்டால் அடுத்த இலக்கத்தை எங்கே எழுதுவது? விண்டோஸ் 95, 98 இரண்டும் நேரத்தை ஆயிரத்தில் ஒரு விநாடியாக எண்ணின. 429 கோடியே சொச்சத்தில் இடம் தீர்ந்துவிடும், அது 49.7 நாள். அதற்கப்புறம் கம்ப்யூட்டர் உறைந்து நின்றுவிடும். இந்தக் குறை 1999 வாக்கில்தான் வெளியே வந்தது. அதுவரை எந்தக் கம்ப்யூட்டர் அத்தனை நாள் தொடர்ந்து ஓடியது!

இதெல்லாம் சிரிக்கிற சங்கதி. சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. 1991 வளைகுடாப் போரில் சவூதியின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தளத்தின் கணிப்பொறி, நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. அந்தப் பின்னத்தை 0, 1 என்ற இரண்டே இலக்கத்தில் முழுசாக எழுத முடியாது. கடைசித் துணுக்கை வெட்டிவிட்டார்கள். பைசாவைத் தள்ளித் தள்ளி எழுதினால் வருஷக் கடைசியில் ரூபாய் உதைக்கும் அல்லவா? 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் கடிகாரம் விநாடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகியது. பிப்ரவரி 25-ல் வந்த இராக் ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. எதிர் ஏவுகணை கிளம்பவேயில்லை. 28 வீரர்கள் மாண்டார்கள். "ரொம்ப நேரம்" ஓட்டாதீர்கள் என்று சில நாள் முன்பே செய்தி போயிருந்தது. எத்தனை மணி என்று யாரும் சொல்லவில்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்!

நம் தீவுக்கும் இந்தச் சரித்திரத்தில் சிறு பங்குண்டு. 2013 நவம்பர் 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் புறப்பட்டபோது ராக்கெட்டைப் பின்தொடர்ந்த நிலையங்களில் நம் போர்ட் பிளேரும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒன்று. 2015 ஜூனில் சூரியன் குறுக்கே மறைத்தபோது பூமியின் கட்டளை இல்லாமலே அந்தக் கலம் தன்னைப் பார்த்துக்கொண்டது. 6 மாதத்துக்கென்று திட்டமிட்டது, செவ்வாயைச் சுற்றி ஏழரை வருஷம் உழைத்தது. நம்மவர்களுக்கு ஏழரை என்றாலே கலக்கம். இங்கே அது லாபக் கணக்கு. ஆனால் 2022 ஏப்ரலில் வந்த கிரகணமும் ஏழரை மணி நேரம்! பேட்டரி தாங்கக்கூடியது 1 மணி 40 நிமிஷம்தான். ஆன் பண்ண அங்கே ஆள் ஏது? மீட்க வழியில்லை என்று அக்டோபரில் இஸ்ரோ அறிவித்தது.