கொந்தளிப்புக் குழாயோட்டத்தில் சறுக்கு வீதம்

பாய்மத்தின் ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதன் அளவே சறுக்கு வீதம். இரத்தத்தையோ உயிரணு வளர்ப்புக் கரைசலையோ குழாயில் செலுத்தினால் அணுக்கள் சிதையுமா என்று பார்க்க முதலில் கணக்கிடப்படுவது இதுதான்.

இக்கணக்கின் ஒரு வேர் இரத்த ஆய்வில் உள்ளது. நுண்குழல்களில் இரத்தம் ஓடும் விதத்தை அறிய முனைந்த பாரிஸ் மருத்துவர் பொய்சேய், தண்ணீரைக் கொண்டு ஆய்ந்து 1840-களில் தம் குழாயோட்ட விதியை வெளியிட்டார். ஜெர்மானியப் பொறியாளர் ஹாகன் 1839-லேயே அதைக் கண்டிருந்தார். அதன்படி, அடுக்குகள் கலவாமல் ஓடும் சீரோட்டத்தில் சுவரருகே சறுக்கு வீதம், சராசரி வேகத்தின் எட்டு மடங்கை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும். 1883-இல் மான்செஸ்டரில் ரெனால்ட்ஸ் சாய இழையை ஓடவிட்டு, சீரோட்டம் கலைந்து கொந்தளிப்பாகும் நிலையைக் காட்டினார். கலைந்தபின் அந்த வாய்பாடு உதவாது. சறுக்கு வீதம் இடத்துக்கு இடம், கணத்துக்குக் கணம் மாறும். ஒற்றை எண்ணாக அதைச் சொல்வது பிழை.

எனவே இரண்டு மதிப்பீடுகள் வேண்டும். சுவருக்கு, பிளாசியஸ் 1913-இல் தந்த உராய்வு வாய்பாடு. குழாய் முழுமைக்குமான சராசரிக்கு, ஆற்றல் சிதறும் வீதத்தைப் பாகுநிலையோடு இணைக்கும் முறை. நீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிகளுக்காக 1943-இல் காம்ப், ஸ்டீன் இருவரும் இம்முறையைப் பயன்படுத்தினர். கொந்தளிப்பில் எழும் மிகச் சிறிய சுழிகளின் அளவை 1941-இல் கொல்மகோரவ் வகுத்திருந்தார்.

25 மில்லிமீட்டர் குழாயில் தண்ணீரை ஒத்த கரைசல் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். ரெனால்ட்ஸ் எண் 50,000; அதாவது ஓட்டம் கொந்தளிப்பே. சீரோட்ட வாய்பாடு நொடிக்கு 640 என்னும். பிளாசியஸ் வழியில் சுவரருகே ஏறத்தாழ 10,600. குழாய் முழுமைக்கும் சராசரி ஆற்றல் சிதறல் வழியில் ஏறத்தாழ 1,800. பழைய வாய்பாட்டை நம்பினால் சுவரருகே பதினாறு மடங்கு குறைத்து மதிப்பிட நேரும். மிகச் சிறிய சுழி ஏறத்தாழ 23 மைக்ரோமீட்டர். 8 மைக்ரோமீட்டர் சிவப்பணு அதனுள் அடங்கி, அதனோடு சுழன்று செல்லும். உயிரணுக்கள் ஒட்டி வளரும் மணிகள் இச்சுழியைவிடப் பன்மடங்கு பெரியவை என்பதால் சுழிகளின் தாக்குதலை நேரே ஏற்கும்.

சிவப்பணுவின் தாங்குதிறனை ஹூஸ்டன் ஆய்வாளர்கள் 1972-இல் அளந்தனர். சில நிமிடங்கள் நீடித்தால் ஏறத்தாழ 150 பாஸ்கல் தகைவுக்கு (சறுக்கு வீதத்தைப் பாகுநிலையால் பெருக்கியது) மேல் சிதைவு கடுமையாகிறது; மில்லிநொடிகள் மட்டுமே நீடித்தால் இதைவிட மிகுந்த தகைவையும் அணு தாங்கும். அதனால் தகைவோடு அது நீடிக்கும் நேரத்தையும் சேர்த்தே கணிக்க வேண்டும். மேற்கண்ட குழாயில் சுவர்த் தகைவு 11 பாஸ்கலுக்கும் குறைவு. நேரான குழாயைவிட வால்வின் இடுக்கும் பம்பின் இதழ்முனையும்தான் பெரும்பாலும் ஆபத்தானவை. அங்கே இவ்வாய்பாடுகள் செல்லாது.