மீனெண்ணெயும் எமது எலும்புகளும்

1980களில் நோர்வேக்கு வந்த எம்மில் பலர் முதலிற் போய்ச் சேர்ந்த இடம் வடக்கே பின்மார்க் மாகாணத்து மீன் ஆலைகள். றப்பர் சப்பாத்தும் கையுறையுமாக நின்று கொட் மீனை வெட்டியிருக்கிறோம், அடுக்கியிருக்கிறோம், நாற்றத்தோடு வீடு திரும்பியிருக்கிறோம். அந்த மீனின் ஈரலில் வடிக்கும் எண்ணெயை நோர்வீஜியர் தம் பிள்ளைகளுக்குக் கரண்டியால் புகட்டுவதைக் கண்டு முகஞ்சுளித்தோம். எமக்கு அது தேவைப்படும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பின்னர் ஒஸ்லோவுக்கு இறங்கினோம். அலுவலகங்களைத் துப்புரவாக்க இருட்டோடு வெளிக்கிட்டு, இருட்டோடு திரும்பினோம். சில வருடங்களில் எமது பெண்களிடையே ஒரு நோ பரவத் தொடங்கியது. இடுப்பு, தொடை, விலா எங்கும் ஒரு மந்தமான குத்து. நிலத்தில் இருந்தால் கையூன்றாமல் எழும்ப முடியாது. படியேறக் கைப்பிடியைப் பற்றி உடம்பை இழுக்கவேண்டும். நடை வாத்து நடைபோல் இருபக்கமும் சாயும். எமக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இப்படி மூன்று வருடம் அலைந்தார். முதலில் வாதம் என்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஒரு வைத்தியர் ஊரைப் பற்றியும் யுத்தத்தைப் பற்றியும் அனுதாபத்தோடு விசாரித்துவிட்டு, துயரம் உடம்பில் இறங்கியிருக்கிறது என்றார். அகதிக்கு வரும் நோவெல்லாம் மனதிலிருந்துதான் வரவேண்டும் என்று யாரோ எழுதி வைத்துவிட்டார்கள் போலும். அக்காவுக்குத் துயரம் இருந்தது உண்மை. ஆனால் தொடையெலும்பு நொந்தது அதனால் அல்ல.

இரத்தத்தைச் சோதித்தபோது விடை வந்தது. அல்கலைன் பொஸ்பற்றேஸ் உயர்ந்திருந்தது. கல்சியமும் பொஸ்பேற்றும் தாழ்ந்திருந்தன. பராதைரொயிட் சுரப்பி எலும்பைக் கரைத்தாவது இரத்தத்துக்குக் கல்சியம் தேடிக்கொண்டிருந்தது. விற்றமின் டி அளவிட முடியாத அளவுக்குக் குறைவு. முற்றிய நிலையில் எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பிலோ தொடையெலும்பின் கழுத்திலோ மெல்லிய கோடுகள் தெரியும். அவை ஆறாத சிறு வெடிப்புகள். லூசர் என்ற சுவிஸ் வைத்தியரின் பெயரால் அவற்றை அழைக்கிறார்கள். நோயின் பெயர் ஒஸ்ரியோமலேசியா, எலும்பு மெலிவு. எலும்பின் சட்டகம் இருக்கும், அதில் படியவேண்டிய கல்சிய உப்புப் படியாது. குழந்தைகளில் இதுவே ரிக்கெற்ஸ்: கால் வளையும், மணிக்கட்டு தடிக்கும். மருந்து மலிவானது. விற்றமின் டியும் கல்சியமும் கொடுத்தால் சில வாரங்களில் தசைக்குத் தெம்பு வரும்; எலும்பு தேற மாதக்கணக்காகும். ஒரு சாதாரண இரத்தச் சோதனைக்கு மூன்று வருடம் எடுத்தது என்பதுதான் எமது கோபம்.

இந்த நோய் ஒருகாலத்தில் வெள்ளையரின் நோய். நோர்வீஜிய மொழியில் ரிக்கெற்ஸுக்கு இருந்த பழைய பெயர் ‘ஆங்கில நோய்’. இங்கிலாந்தின் புகை மூடிய ஆலை நகரங்களில் பிள்ளைகளின் கால்கள் வளைந்தன. 1782இல் தோமஸ் பேர்சிவல், மஞ்செஸ்ரர் ஆஸ்பத்திரியில் நாட்பட்ட வாதத்துக்குக் கொட் ஈரல் எண்ணெய் கொடுத்துக் குணங்கண்டதாக எழுதினார். அந்த ‘வாத’க்காரரிற் சிலருக்கு இருந்தது எலும்பு மெலிவாகவே இருந்திருக்கலாம் என்று நாம் நினைக்கிறோம். அன்றைய எண்ணெய் ஈரலைப் பீப்பாவில் அழுகவிட்டு எடுத்த கபில நிறச் சாறு. அதைக் குடித்தவர்களின் பொறுமையை மெச்சத்தான் வேண்டும். 1850களில் கிறிஸ்தியானியாவின் (இன்றைய ஒஸ்லோவின்) மருந்தாளர் பீற்றர் மொல்லர், புதிய ஈரலை நீராவியால் சூடாக்கித் தெளிந்த எண்ணெய் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அவர் பெயர் தாங்கிய போத்தல் இன்றும் இந்நாட்டுக் கடைகளில் இருக்கிறது.

வெயிலின் பங்கை உணர்ந்தவர்களில் ஒருவரோடு எமக்கு ஒரு மண் உறவு உண்டு. இலங்கையில் பிறந்த தியோபால்ட் பாம் என்ற மருத்துவ மிஷனரி ஜப்பானில் பணியாற்றிவிட்டு இங்கிலாந்து திரும்பியபோது, அங்கே காணாத வளைந்த கால்களை இங்கே கண்டு திடுக்கிட்டார். கீழைநாடுகளில் இருந்த மற்ற மிஷனரிமாரிடம் விசாரித்து, வெயில் குறைந்த இடத்தில்தான் இந்நோய் என்று 1890இல் எழுதினார். அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1919இல் பேர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, புறஊதாக் கதிர் விளக்கால் ரிக்கெற்ஸ் பிள்ளைகளைக் குணமாக்கினார். ஒரு கைக்கு மட்டும் ஒளி காட்டினால் மற்றக் கையின் எலும்பும் தேறியது. தோலில் ஏதோ உண்டாகி உடம்பெங்கும் போகிறது என்பது அதனால் தெரிந்தது. 1922இல் அமெரிக்காவில் மக்கொலம் அந்தப் பொருளுக்கு ‘டி’ என்று பெயர் வைத்தார். 1930களில் ஒஸ்லோப் பள்ளிகளில் கார்ல் ஷியொற்ஸ் ஏற்படுத்திய ‘ஒஸ்லோக் காலையுணவி’ல் பாண், சீஸ், பால், பழத்தோடு குளிர்காலத்தில் மீனெண்ணெயும் இருந்தது. நோர்வீஜியர் இந்த நோயிலிருந்து இப்படித்தான் தப்பினார்கள்.

நாம் தப்பவில்லை. 60 பாகை வடக்கில் உள்ள ஒஸ்லோவில் ஒக்ரோபர் முதல் மார்ச் வரை சூரியன் வந்தாலும் அது தோலுக்குப் போதாது. எமது கறுத்த தோலுக்கு வெயில் இன்னும் நேரம் வேண்டும். 1960களில் கிளாஸ்கோவில் தென்னாசியக் குடும்பங்களிடையே இதே நோய் கண்டறியப்பட்டிருந்தது. ஒஸ்லோவிலும் கணக்கெடுத்தார்கள். துருக்கி, ஈரான், பாகிஸ்தான், வியற்நாம், இலங்கை ஆகிய ஐந்து நாட்டவரின் இரத்தத்தைச் சோதித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றிலொருவருக்கு மேல் கடுமையான குறைபாடு இருந்தது. பாகிஸ்தானியப் பெண்களின் நிலை மிக மோசம். கொழுப்பு மீன் சாப்பிட்டவர்களும் மீனெண்ணெய் குடித்தவர்களும் மேலாக இருந்தார்கள். 2008இல் வந்த இன்னொரு ஆய்வு, ஒஸ்லோவிலுள்ள இலங்கையரைக் கண்டியிலுள்ளவரோடு ஒப்பிட்டது. கண்டிக்காரர் எம்மைவிட மிக நல்ல நிலையில் இருந்தார்கள். ஆக, குறை எமது இரத்தத்தில் அல்ல, நாம் வந்த இடத்தில். 2009 முதல், மேற்குநாடல்லாத பின்னணியுள்ள பெற்றோரின் கைக்குழந்தைகளுக்கு விற்றமின் டித் துளிகள் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அக்கா இப்போது படியேறுகிறார். குசினி அலுமாரியில் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் மீனெண்ணெய்ப் போத்தல் நிற்கிறது. பெயரில் ‘ர்’ உள்ள மாதங்களில், அதாவது செப்ரெம்பர் தொடங்கி ஏப்ரல் வரை, குடிக்கவேண்டும் என்பது நோர்வீஜியரின் பழைய கணக்கு. எமது கார்த்திகையிலும் மார்கழியிலும் அந்த ‘ர்’ இருக்கிறதே என்றோம். தையிலும் மாசியிலும் இல்லையே என்று அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கரண்டியை வாயில் வைத்தார்.