முதல் விமானம் எது? எதில் முதல்?

விமானங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், “முதலில் செய்தது யார்?” என்ற சண்டையில்தான் போய் முடியும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்த பெயர் கிளெமான் அதேர். 1890 அக்டோபர் 9 அன்று, நீராவி எஞ்சின் பூட்டிய ‘எயோல்’ என்ற இயந்திரத்தில் அவர் தரையை விட்டு எழும்பினார். விமானத்துக்குப் பிரெஞ்சில் வழங்கும் ‘அவியோன்’ என்ற சொல்லே அவர் உண்டாக்கியதுதான். திண்டிவனத்தில் உள்ள என் நண்பர் ஆங்கில வழியில் படித்தவர், ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். அவருக்கு 1903 டிசம்பர் 17, ரைட் சகோதரர்கள், அவ்வளவுதான். நான் அங்கே போனாலும் அவர் விழுப்புரம் வந்தாலும் இந்த வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்துவிடும்.

அரசு அலுவலகத்தில் பணிமூப்புப் பட்டியல் பார்த்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. பணியில் சேர்ந்த தேதிப்படி மூத்தவர், தேர்வாணையப் பட்டியலின்படி இளையவராக இருப்பார். எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுகிறோம் என்று முதலில் தீர்மானித்தால் பாதித் தகராறு தீர்ந்துவிடும்.

விமானத்துக்கும் அப்படியே. எஞ்சின் பலத்தில் தரையை விட்டு எழும்பியதுதான் கணக்கு என்றால் அதேர் முன்னால் வருவார். ஆனால் அவர் எழும்பியது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர், போனது 50 மீட்டர். திசையைக் கட்டுப்படுத்த வழியில்லை. ரைட் சகோதரர்களின் முதல் பறத்தல் 12 விநாடிதான். ஆனால் அன்றே நான்காவது தடவை 59 விநாடி பறந்தார்கள், விமானமும் அவர்கள் சொன்னபடி கேட்டது. கட்டுப்பாட்டோடு பறந்ததுதான் கணக்கு என்றால் நண்பர் கட்சிதான் ஜெயிக்கும். 1906இல் பாரிஸில் ஊரார் பார்க்க, சொந்தச் சக்கரத்தில் ஓடி எழும்பியவர் பிரேசில்காரரான சாந்தோஸ் துமோன். பிரேசிலில் இன்றும் அவர்தான் முதல்வர்.

விமானத்தின் உறுப்புகளிலும் இதே கதை. இறக்கையின் ஓரத்தில் அசையும் சிறு தகட்டுக்கு ‘ஏலரான்’ என்று பெயர். சின்னச் சிறகு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். பெயரை வைத்து நான் உரிமை கொண்டாடினேன். நண்பர் விடவில்லை. 1868லேயே போல்டன் என்ற ஆங்கிலேயர் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் 1904இல் அதை ஒரு கிளைடரில் பொருத்திப் பார்த்தவர் பிரெஞ்சுக்காரர் எஸ்னோ பெல்தெரி. ஒலியை மிஞ்சும் பயணி விமானத்தில், முதலில் பறந்தது ரஷ்யாவின் டியூ-144 (1968 டிசம்பர் 31). முதலில் பயணிகளை ஏற்றியது கான்கார்டு (1976 ஜனவரி 21).

இனி நம் ஊருக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாக எழும்பூர் போகும் ரயில் பல்லாவரத்தைத் தாண்டித்தான் போகிறது. அங்கேதான் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்ற மவுண்ட் ரோடு ஹோட்டல்காரர் தன் விமானத்தைச் சோதித்தார் என்று சென்னை வரலாற்றாசிரியர் எஸ். முத்தையா எழுதியிருக்கிறார். வண்டி கட்டும் சிம்சன் கம்பெனியில் செய்து வாங்கிய விமானம் அது. 1910 மார்ச்சில் கட்டணம் வசூலித்துப் பொதுமக்களுக்கும் பறந்து காட்டினாராம்.

ஆனால் பல புத்தகங்கள் இந்தியாவின் விமானக் கதையை அலகாபாத்திலிருந்துதான் தொடங்குகின்றன. 1910 டிசம்பரில் அங்கே பொருட்காட்சிக்கு வந்த விமானங்கள் பறந்தன. 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்ரி பெக்கே என்ற 23 வயதுப் பிரெஞ்சு இளைஞர் ஏறத்தாழ 6,500 கடிதங்களோடு யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அதுதான். இங்கேயும் ‘விமான’ என்ற சொல்லை விடக்கூடாது. 1870இல் முற்றுகையில் சிக்கிய பாரிஸிலிருந்து பலூனில் லட்சக்கணக்கான கடிதங்கள் போயிருக்கின்றன.

சென்னையை விட அலகாபாத் ஏன் எல்லார் வாயிலும் இருக்கிறது? அங்கே ஒவ்வொரு கடிதத்திலும் தபால் முத்திரை விழுந்தது. இன்றும் சேகரிப்பாளர்கள் அவற்றைப் பாதுகாக்கிறார்கள். ஹோட்டல்காரர் பறந்ததற்கு அப்படி முத்திரை குத்த யாரும் இல்லை.

நம் ஊர்ப் பெருமை என்பதற்காக ஒரு நியாயம், மற்றவருக்கு ஒரு நியாயம் கூடாது. 1895இல் பம்பாய்க் கடற்கரையில் தல்பாடே விமானம் பறக்கவிட்டார் என்கிறார்கள். அக்காலத்து ஆதாரம் கேட்டால் கிடைப்பதில்லை. அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் வைமானிக சாஸ்திர வடிவங்கள் பறக்காது என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1974இல் எழுதினார்கள். தல்பாடேயிடம் கேட்கும் காகிதத்தை டி ஏஞ்சலிஸிடமும் கேட்கத்தான் வேண்டும்.

அதனால் என் பட்டியலில் இப்படி எழுதுவேன்: விமானத் தபாலில் முதல், பெக்கே. இங்கேயே செய்து இங்கேயே பறந்ததில் முதல் என்று சொல்லத்தக்கவர், டி ஏஞ்சலிஸ். இரண்டு வரிக்கும் இடம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துப் பத்திரிகையோ கடிதமோ இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒரு தடவை பிரித்துப் படித்துப் பாருங்கள். இப்படி விட்டுப்போன வரிகள் அங்கேதான் கிடைக்கும்.