யோனிவழி ஈஸ்ட்ரோஜன் சிகிச்சையின் வரலாறு

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் யோனி வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த்தொற்று ஆகியவற்றுக்கு, அந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் மருந்து யோனிவழி ஈஸ்ட்ரோஜன் எனப்படும். களிம்பு, சிறு மாத்திரை, வளையம் என இது பல வடிவங்களில் கிடைக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தபின் பெண்ணே வீட்டில் பயன்படுத்திக்கொள்ளலாம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடல் திடீரெனச் சூடேறி வியர்ப்பது பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளில் தணிந்துவிடும். வறட்சி அப்படியன்று, கவனிக்காமல் விட்டால் வயதோடு கூடும். நம் வீடுகளில் இதைத் தாய் மகளிடம்கூடச் சொல்வதில்லை.

இந்தப் பருவத்துக்கு 'மெனோபாஸ்' என்ற பெயரை நிலைநிறுத்தியவர் பிரெஞ்சு மருத்துவர் சார்ல் த கார்தான். 1821இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பிலேயே அச்சொல் இருந்தது. காரணம் என்ன என்பது மட்டும் அடுத்த நூறாண்டுகள் தெளிவாகவில்லை.

காரணம் தெரியவந்த விதம் சுவையானது. 1917இல் நியூயார்க்கில் ஸ்டாக்கார்டும் பாப்பனிக்கலோவும் கினிப் பன்றிகளின் யோனியிலிருந்து செல்களை வழித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தனர். சினைப்பையின் சுழற்சிக்கு ஏற்ப அச்செல்கள் மாறுவதைக் கண்டனர். (புற்றுநோயைக் கண்டறியும் 'பாப்' பரிசோதனைக்குப் பெயர் தந்தவர் இதே பாப்பனிக்கலோதான்.) 1923இல் செயின்ட் லூயிஸ் நகரில் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் இம்முறையைக் கையில் எடுத்தனர். பன்றிகளின் சினைப்பையிலிருந்து எடுத்த திரவத்தை, சினைப்பை நீக்கப்பட்ட எலிகளுக்கு ஊசியில் செலுத்தினர். யோனிச் செல்கள் தடித்து மாறினால் திரவத்தில் ஹார்மோன் இருக்கிறது என்று பொருள். அதாவது, ஈஸ்ட்ரோஜன் என்று ஒன்று உண்டு என்பதற்குச் சாட்சி சொன்னதே யோனியின் உட்சுவர்தான். அந்த ஹார்மோன் குறைந்தால் முதலில் வாடும் இடங்களில் அதுவும் ஒன்று என்பதில் வியப்பில்லை. 1929இல் டாய்சியும் ஜெர்மனியின் புட்டெனான்ட்டும் தனித்தனியே, கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோனைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டே லண்டனில் கை மாரியன் எஸ்ட்ரியாலைப் பிரித்தார். இன்றும் களிம்புகளில் பயன்படுவது அது.

யோனி நோய் ஒன்றுக்கு இந்த ஹார்மோனை முதலில் பயன்படுத்தியது வயதானவர்களுக்கு அன்று, சிறுமிகளுக்கு! பெனிசிலின் வராத 1930களில் சிறுமிகளிடையே பரவிய கொனோரியா தொற்று மருத்துவர்களைத் திணறடித்தது. பருவமடையாத சிறுமிகளின் யோனிச்சுவர் மெல்லியது, அதனால் கிருமி எளிதில் குடியேறும். ஈஸ்ட்ரோஜன் கொடுத்துச் சுவரைத் தடிக்கச் செய்தால் தொற்று விலகுமே என்று அமெரிக்க மருத்துவர் ராபர்ட் லூயிஸ் 1933இல் செய்து காட்டினார். மாதவிடாய் நின்றபின் சுவர் மீண்டும் அதே மெல்லிய நிலைக்குத் திரும்புகிறது. ஆகவே அதே தருக்கம் முதியவர்களுக்கும் பொருந்தியது.

1940களில் கருவுற்ற பெண்குதிரைகளின் சிறுநீரிலிருந்து செய்த பிரெமரின் மாத்திரை வந்ததும், கவனம் முழுவதும் விழுங்கும் மருந்தின் பக்கம் சாய்ந்தது. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், மாதவிடாய் நிற்பதையே ஒரு குறைபாட்டு நோயாக்கி நூல் எழுதினார். அந்நூல் ஏராளமாக விற்றது, ஆனால் அது மருத்துவத்தைவிட விளம்பரத்துக்கே அருகில் நின்றது என்பது என் கருத்து. 1975இல் வெளியான ஆய்வுகள், ஈஸ்ட்ரோஜனை மட்டும் விழுங்கியவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் கூடியதைக் காட்டின.

யோனிவழி மருந்தின் பயனுக்கு வலுவான சான்று 1993இல் வந்தது. ராஸ், ஸ்டாம் ஆகிய இருவரும் அடிக்கடி சிறுநீர்த்தொற்று வந்த 93 பெண்களை ஆராய்ந்தனர. எஸ்ட்ரியால் களிம்பு பூசியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.5 முறையும், மருந்தில்லாக் களிம்பு பூசியவர்களுக்கு 5.9 முறையும் தொற்று வந்தது.

2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்றில், 16,608 பெண்கள் பங்கேற்ற பிரிவு இடையில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை விழுங்கியவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடியதே காரணம். அந்த எச்சரிக்கையை யோனிவழி மருந்துகளின் பெட்டியிலும் அப்படியே அச்சிட்டார்கள். கணக்கைப் பாருங்கள். விழுங்கும் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் நாளொன்றுக்கு 625 மைக்ரோகிராம், வாரத்துக்கு 4,375. யோனி மாத்திரையோ 10 மைக்ரோகிராம், வாரத்துக்கு இருமுறை, ஆக 20. இரண்டும் வேறு வேறு சேர்மங்கள் என்பதால் நேர் ஒப்பீடு ஆகாதுதான். ஆனாலும் ஒரே எச்சரிக்கை இரண்டுக்கும் பொருந்துமா? மருந்தை வாங்கி, தாளைப் படித்துப் பயந்து, அலமாரியிலேயே வைத்துவிட்ட பெண்கள் பலர்.

இங்கிலாந்தில் 2022 முதல், 50 வயதுக்கு மேற்பட்டு, மாதவிடாய் நின்று ஓராண்டு ஆனவர்கள் 10 மைக்ரோகிராம் மாத்திரையை மருந்தாளுநரிடம் பேசிச் சீட்டில்லாமலே வாங்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 நவம்பரில் அந்தப் பெட்டி எச்சரிக்கையை நீக்கப்போவதாக அறிவித்தது.

மாத்திரையை வழக்கமாக முதல் 2 வாரம் தினமும் ஒன்று, பிறகு வாரத்துக்கு இருமுறை வைப்பார்கள். வளையத்தை 90 நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மாதவிடாய் நின்றபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும், மருந்து வைப்பதால்தான் என்று எண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.